அறுபத்தொன்றும் அறுபத்தொன்றும்

உப்சாலா, சுவீடன்
14 ஜனவரி 2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இன்று போகி. இங்கே எரிப்பதற்குப் பழைய பாய்கூட இல்லை. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. நாளைக்குப் பொங்கல் வைக்க வெல்லம் கிடைக்கவில்லை, பழுப்புச் சர்க்கரை வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடி அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் வீட்டுக்காரம்மா திட்டுவாள். திட்டட்டும்.

தீபாவளியன்று போனில் நாம் பேசியதை இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். "அப்ப அங்கேயே இருந்துக்கோ" என்று சொல்லி நீங்கள் வைத்துவிட்டீர்கள். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன், நல்லவேளையாக லைன் அதற்குள் போய்விட்டது. பத்து நாள் கழித்து நீங்கள்தான் செய்தி அனுப்பினீர்கள்: இனிமேல் போன் வேண்டாம், கடிதம் எழுது, வந்து சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும் என்று. சிரித்துவிட்டேன். ஆனால் அது நல்ல யோசனைதான். ஆத்திர அவசரத்துக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் தபாலில். சரி.

நாள் முழுக்க அங்கே என்னதான் செய்கிறாய் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். கோபத்தில் கேட்டாலும் கேள்வி நியாயமானது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

நம் தோட்டத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையை அடியிலிருந்து தின்று சாய்க்கிறதே ஒரு காளான், அதனிடம் ஒரு புரதம் இருக்கிறது. மரத்தைக் கரைப்பது அதுதான். புரதம் என்றால் நீளமான ஒரு சங்கிலி. அமினோ அமிலம் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. எங்களுடைய சங்கிலியில் 298 துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாடநூல்காரர்கள் தமிழில் இந்தத் துண்டை 'எச்சம்' என்கிறார்கள். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், அதனால் துண்டு என்றே எழுதுகிறேன்.

இந்தச் சங்கிலி நீட்டிப் படுத்துக் கிடக்காது. மடிந்து சுருண்டு ஓர் உருண்டையாகிவிடும். அப்போது வரிசையில் எங்கோ தள்ளி இருந்த இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எது எதற்குப் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில் என்று கணினியில் பட்டியல் எடுப்பதுதான் என் வேலை. எந்த ஜோடி கையை விட்டால் உருண்டை அவிழும் என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்கு மருந்து தேடலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷ ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது. ஜூனில் ஒரு கூட்டம். என் வேலையை அங்கே எல்லாருக்கும் காட்ட வேண்டும். அது எடுபட்டால் இன்னும் மூன்று வருஷம் தருவார்கள் என்று எங்கள் பேராசிரியை இங்கிரித் சொல்கிறார். நான் எதுவும் முடிவு செய்யவில்லை. மழையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது மழைச்சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள்
தனேஸ்வரி


ஈஜோக்
1 பிப்ரவரி 2024

அன்புள்ள தனேசுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று வருஷம் என்று நீ எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய் மோட்டாரைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய மோட்டார்தான்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போனேன். உங்கள் அம்மாவையும் கோலசிலாங்கூரிலிருந்து அழைத்துக்கொண்டேன். அத்தை படியேறும்போது உன் பேரைச் சொல்லித்தான் ஏறினார். எனக்கும் அதே வேண்டுதல்தான், ஆனால் நாங்கள் இருவரும் ஒன்றையே கேட்டோமா என்று தெரியவில்லை. அவர் நீ நன்றாக வர வேண்டும் என்று கேட்டிருப்பார். நான் நீ வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

பக்கத்து வீட்டு இராஜம்மா அக்காவின் வாய் உனக்குத் தெரியும். "என்ன செல்வம், ஒன் பொண்டாட்டி வெள்ளைக்காரியாவே ஆயிட்டாளா லா?" என்று குழாயடியில் நாலு பேர் முன்னால் கேட்கிறார். நான் சிரித்துக்கொண்டே வந்துவிடுவேன். வீட்டுக்குள் வந்தால் சிரிப்பு இருக்காது. இந்த வீட்டில் உன் அலமாரிக் கதவு மட்டும் தானாகத் திறந்துகொள்ளும், ஞாபகம் இருக்கிறதா? அதை நான் சரி செய்யவில்லை. திறந்தால் உன் புடவை தெரிகிறது.

இங்கே சீக்கு மரம் கணக்கெடுப்பு நடக்கிறது, நாள் முழுக்க மரம் எண்ணுவதுதான் எனக்கு வேலை. போன மாசம் மட்டும் நாற்பத்திரண்டு மரம் போய்விட்டது. மேலே பார்த்தால் குலை நன்றாகத்தான் இருக்கும், அடி உளுத்துவிட்டிருக்கும். காற்று அடித்தால் சத்தமே இல்லாமல் சாயும். உன்னுடைய புரதத்தை நேரில் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

ரவாங்கில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். நீ கோலாலம்பூரில் வேலைக்குப் போனால் ரயிலிலேயே போய் வரலாம். நான் இங்கே மோட்டாரில் வந்துவிடுவேன். செப்டம்பரிலிருந்து என்று வீட்டுக்காரரிடம் வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று செய். உன் பட்டியலில் இரண்டு பக்கம் எனக்கு அனுப்பு. புரியாது என்று சொல்லாதே, அது எனக்கே தெரியும். என் பொண்டாட்டியை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டாமா?

உன்
திருச்செல்வம்


உப்சாலா
10 மார்ச் 2024

அன்புள்ளவருக்கு,

அலமாரிக் கதவைச் சரி செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க வேலையே ஓடவில்லை. இங்கே காலையில் மூன்று அலாரம் வைக்கிறேன். அங்கே ஐந்தரைக்கு உங்கள் மோட்டார் கிளம்புகிற சத்தத்தில் விழித்துப் பழகிவிட்டது, வேறு எந்தச் சத்தமும் எனக்கு உறைப்பதில்லை.

கேட்டபடி இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். முதலில் இருப்பது ஒரு துண்டின் எண், அடுத்தது அதற்குப் பக்கத்தில் இருக்கும் துண்டின் எண், மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம். தூரத்தை ஆங்ஸ்ட்ரோம் கணக்கில் போடுகிறோம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஐந்துக்குள் இருந்தால் அவை தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இனி சந்தோஷமான செய்தி. 61, 64, 68 ஆகிய மூன்றும் சங்கிலியின் முன்பாதி. 203, 207 பின்பாதி. இந்த ஐந்தும் ஒரே இடத்தில் கும்பலாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன! முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கும் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இங்கிரித் என் மேசைக்கு வந்து நின்று பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். இந்த ஊரில் யாரும் யாரையும் தொட மாட்டார்கள், அதனால் அது பெரிய விஷயம்.

ஜூன் 12 கூட்டம். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. இது எடுபட வேண்டும். எதற்காக என்று கேட்காதீர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஒரு விஷயத்தை முதலில் பார்த்தாள் என்று இருக்கட்டுமே. அதற்குப் பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

சாப்பாட்டை இராஜம்மா அக்கா வீட்டிலும் கடையிலுமாக ஓட்டாதீர்கள். ரசம் வைக்கத் தெரியும்தானே.

உங்கள்
தனேஸ்வரி


ஈஜோக்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள தனேசுக்கு,

பக்கங்கள் வந்தன. பார்த்தேன். எல்லாம் எண்ணாகவே இருக்கிறது, நான் என்னத்தைச் சொல்ல?

இங்கே நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை செகிஞ்சான் போய் மீன் வாங்கினேன். வயல் பச்சையாக இருந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு மீன் வாங்க வேண்டும் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, எப்போதும் அதிகமாகிவிடுகிறது. மீதியை இராஜம்மா அக்காவுக்குக் கொடுத்தேன்.

ரவாங் வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். செப்டம்பர் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பட்டியலை அங்கே வேறு யாராவது வரி வரியாகப் பார்த்தார்களா? தோளில் தட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். தட்டுவது வேறு, பார்ப்பது வேறு. கூட்டத்துக்கு முன்னால் யாரிடமாவது காட்டு. சும்மாதான் சொல்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்து. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
திருச்செல்வம்


உப்சாலா
16 ஜூன் 2024

அன்புள்ளவருக்கு,

போன் செய்யலாமா என்று நாலு நாளாக யோசித்தேன். செய்தால் அழுவேன், நீங்கள் பயந்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கால் மணி நேரம் நன்றாகப் பேசினேன். முடிச்சு, முன்பாதி, பின்பாதி எல்லாம் சொன்னேன். பட்டியலைத் திரையில் போட்டபோது பக்கத்து மேசைக்காரி, என்னோடு தினமும் காப்பி குடிப்பவள், கை தூக்கினாள். "61-க்கும் 61-க்கும் தூரம் 4.7 என்று இருக்கிறதே, அது எப்படி?" என்றாள். அந்த வரியை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கணினி ஒரு துண்டை அதனுடனேயே அளந்து தொலைத்திருக்கிறது என்று தாண்டிப் போயிருக்கிறேன். அதையே அவளிடமும் சொன்னேன். "அதனுடனேயே அளந்தால் பூஜ்யம்தானே வரும்?" என்றாள். அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. நாங்கள் எடுத்த படத்தில் புரதம் இரண்டு இரண்டாக நிற்கிறது. ஒரே மாதிரி இரண்டு சங்கிலிகள், இரண்டிலும் ஒன்று முதல் 298 வரை எண்கள். எது எந்தச் சங்கிலி என்று காட்ட எண்ணுக்குப் பக்கத்தில் ஏ அல்லது பி என்று ஓர் எழுத்து இருக்கும். நான் எழுதிய நிரலில் அந்த எழுத்து விடுபட்டுவிட்டது. அடுத்த சங்கிலியில் இருக்கும் துண்டை எல்லாம் இதே சங்கிலியில் இருப்பதாகக் கணக்கு எடுத்திருக்கிறேன். நான் சொன்ன முடிச்சு அங்கே இல்லவே இல்லை.

யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இங்கிரித் மறுநாள் கூப்பிட்டு, இது யாருக்கும் நடக்கும், ஆகஸ்டில் ஊருக்குப் போய் ஓய்வெடு என்றார். மூன்று வருஷம் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஆகஸ்ட் 24 கிளம்புகிறேன். டிக்கெட் இருக்கிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும், இருக்கட்டும். எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும், இப்போது அது ஒன்றுதான் வேண்டும். ஆனால் வாலைச் சுருட்டிக்கொண்டு வருகிறவளுக்காக ஏர்போர்ட்டில் மாலையோடு போய் நிற்காதீர்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

தனேஸ்வரி


ஈஜோக்
3 ஜூலை 2024

அன்புள்ள தனேசுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. நீ வருகிறாய் என்று படித்ததும் நான் துள்ளிக் குதிக்க வேண்டும். அதற்குத்தானே ஆறு மாசமாகக் காத்துக் கிடந்தேன். முடியவில்லை. ஒன்றைச் சொல்லாமல் உன் முகத்தைப் பார்க்க முடியாது.

61-ம் 61-ம் எனக்கு முன்பே தெரியும். மார்ச் 25-ஆம் தேதி உன் உறை வந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சீட்டில் பக்கங்களை விரித்து வைத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், மேலிருந்து ஒன்பதாவது வரி. பார்த்த ஐந்து நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் இந்தத் தப்பை நாங்களே செய்திருக்கிறோம். அடுத்த நாள் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் தபால் நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் இரண்டு பேர்தான். திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு நாளாகத் தேடினேன். நான் படிக்காதவன், நான் போய்ச் சொல்லலாமா என்று கூச்சப்பட்டதாக எழுதலாம் என்று நினைத்தேன். பொய். நீ வர வேண்டும் என்று இருந்தது. இந்தத் தப்பு யார் கண்ணிலாவது பட்டால் உன்னை அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. அது ஒன்றுதான். ஏப்ரலில் மனசு உறுத்தி, யாரிடமாவது காட்டு என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முப்பது பேர் முன்னால் நீ நிற்பாய் என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

திருச்செல்வம்


(இணைத்தது)

ஈஜோக்
27 மார்ச் 2024

அன்புள்ள தனேசுக்கு,

பக்கங்கள் கிடைத்தன. நான் உன்னை ஒன்று கேட்கப் போகிறேன், சிரிக்காதே. 61-க்கும் 61-க்கும் 4.7 என்று போட்டிருக்கிறாயே, தன்னைத் தானே தொட எதற்குத் தூரம்?

எங்கள் கணக்கெடுப்பில் தோட்டத்தின் ஒவ்வொரு பிளாக்கிலும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் புத்தகத்தில் மரத்தின் எண்ணோடு பிளாக்கின் எழுத்தையும் போட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பன் எழுத்தைப் போடாமல் எழுதிக்கொண்டே எல்லை வாய்க்காலைத் தாண்டி அடுத்த பிளாக்குக்குள் போய்விட்டார். பி பிளாக்கின் சீக்கு மரம் எங்கள் ஏ பிளாக் மரமாகிவிட்டது. நல்ல மரத்தை வெட்டினோம், சீக்கு மரம் நின்றது. "நம்பர் சரியாத்தானே இருக்கு, மரந்தானே தப்பு" என்று அவர் வாதாடியது உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். உன் பட்டியலில் எழுத்தே இல்லை. நீயும் வாய்க்காலைத் தாண்டிவிட்டாயோ என்று பார்.

ஆனால் இதற்காக உன் கும்பலைத் தூக்கி எறிந்துவிடாதே. வாய்க்கால் ஓரத்தில் ஏ பிளாக் மரமும் பி பிளாக் மரமும் அடியில் வேர் கோத்துக்கொண்டுதான் நிற்கின்றன. சீக்கு அந்த வழியாகத்தான் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. உன் இரண்டு சங்கிலியும் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். நீ பார்த்தது உண்மையாகவே இருக்கலாம், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. எழுத்தைப் போட்டு மறுபடி எண்ணு.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டரை மாசம் இருக்கிறது. நேரம் போதும்.

உன்
திருச்செல்வம்


உப்சாலா
11 ஆகஸ்ட் 2024

திருச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் மார்ச் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஜூலைக் கடிதத்தை ஒரு முறைதான் படித்தேன்.

நீங்கள் சொன்னது சரி. எழுத்தைப் போட்டு மறுபடி எண்ணினேன். அந்த ஐந்து துண்டுகளும் ஒரே சங்கிலியின் முடிச்சு இல்லை, ஏ சங்கிலி பி சங்கிலியைப் பிடித்திருக்கும் பிடி. படம் எடுப்பதற்காக நெருக்கி அடுக்கியதால் அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டுத் தண்ணீரில் கரைத்தும் பார்த்தோம். அங்கேயும் அவை இரண்டு இரண்டாகவே இருக்கின்றன. அந்தப் பிடியை விடுவித்தால் புரதம் வேலை செய்யாமல் போகும் என்று இங்கிரித் நினைக்கிறார். அதைச் சோதிக்க வேண்டும். மூன்று வருஷம் இருக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டார்.

இதை யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டார். என் கணவர் என்றேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். மரம் எண்ணுகிறார் என்றேன். உங்கள் பெயரை எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அறையை விட்டு வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன். உங்களைப் பற்றிப் பெருமைப்படவும் முடியாமல் செய்துவிட்டீர்கள்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். ஜூனில் டிக்கெட் இருக்கிறது என்று எழுதினேனே, அது ஜூனில் எடுத்தது இல்லை. பிப்ரவரி 19-ஆம் தேதி எடுத்தேன், உங்கள் தைப்பூசக் கடிதம் வந்து நாலு நாளில். கூட்டம் எடுபட்டாலும் எடுபடாவிட்டாலும் ஆகஸ்டில் கிளம்புவதாக இருந்தேன். மூன்று வருஷம் கிடைத்தாலும் கணினி வேலையை எங்கிருந்தும் செய்யலாம், ஊரிலிருந்தே செய்கிறேன், வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறேன் என்று இங்கிரித்திடம் அப்போதே பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வந்து நம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசை. முட்டாள்தனமான ஆசைதான். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருப்பீர்கள். அந்த அளவுக்கு என் மேலும் தப்பு இருக்கிறது.

நீங்கள் ஆசைப்பட்டதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அதே ஆசைதான் எனக்கும். ஆனால் நான் கீழே விழப் போகிற இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. விழுந்தால் உங்கள் பக்கம் விழுவேன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அதை என்னால் தாண்ட முடியவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிவிட்டேன். வேலைக்காக இல்லை. வேலையை அங்கேயே உட்கார்ந்து செய்யலாம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய இப்போது என்னால் ஆகாது. எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதும் வரை நீங்கள் எழுத வேண்டாம்.

தனேஸ்வரி


ஈஜோக்
24 நவம்பர் 2024

அன்புள்ள தனேசுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று மாசம் எழுதாமல் இருந்தேன். இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை. ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

நீ ஆகஸ்டில் வராததும் இங்கே எல்லாரும் உன்னைத்தான் பேசினார்கள். படித்த திமிர் என்றார்கள். அத்தையிடமே வந்து, மகளை ரொம்பப் படிக்க வைத்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாயை மூடி இருந்தேன். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள். சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தீபாவளியன்று அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, "மன்னிச்சிக்கோ தம்பி, எம்மவ இப்படிப் பண்ணிட்டா" என்று கண்ணைத் துடைத்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பட்டியல், வரி, தபால் நிலையம், எல்லாம். அவருக்கு அந்த எண் கணக்கு எல்லாம் புரிந்திருக்காது. மற்றது புரிந்துவிட்டது.

கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அவகிட்ட சொன்னியா?" என்றார்.

"சொல்லிட்டேன் அத்தை."

"சொல்லித்தான் அவ வரலையா?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் பண்ணியிருக்கா" என்றார். மோர் ஊற்றினார். போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்து இராஜம்மா அக்காவிடமும் சொன்னேன். அவரிடம் சொன்னால் தனியாக வேறு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் குழாயடியில் உடையப்பன் என்னைப் பார்த்து, "நான் எழுத்தத்தான் லா விட்டேன், நீ..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சாப்பாடு வருவது நின்றுவிட்டது. ரசம் வைத்துக்கொள்கிறேன், பரவாயில்லை.

ரவாங் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வந்தால் எங்கே இருப்பது என்று நீதான் பார்க்க வேண்டும்.

உன்னை நினைக்காத நேரம் இல்லை, தனேசு. காலையில் மோட்டாரை எடுக்கும்போது அங்கே உனக்கு ராத்திரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். வா என்று எழுதத்தான் ஆசையாக இருக்கிறது. எழுதவில்லை.

ஒன்று மட்டும். உன் வேலை மூன்று வருஷம் நடக்கும், அதில் எத்தனையோ பட்டியல் வரும். எப்போதாவது எனக்கும் அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றினால் அனுப்பு. தப்பு இருந்தால் அன்றைக்கே எழுதி அன்றைக்கே தபாலில் போடுவேன். அதனால் நீ இன்னும் பத்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டி வந்தாலும் போட்டுவிடுவேன்.

உன்
திருச்செல்வம்